வோக்லேர் பிரபுவின் வலக்கன்னம்

உங்கள் மேசை ஆடுகிறது ஐயா. அந்த முன்காலுக்கு அடியில் ஒரு காகிதத்தை நாலாக மடித்துச் செருகினால் நின்றுவிடும். தப்பாக நினைக்க வேண்டாம், தொழில் புத்தி. செம்பில் உளி ஒரு மயிரளவு வழுக்கினால் அந்தக் கீறலை மழிக்க அரை நாள் போய்விடும். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மேசைக் காலைத்தான் பார்ப்பேன்.

என் பெயர் எலுவா தர்திவேல். பாரிஸில் சேன் ழாக் தெருவில் பட்டறை வைத்திருக்கிறேன். பெரிய மனிதர்களின் முகத்தைச் செம்புத் தகட்டில் வெட்டி, மை தடவி, காகிதத்தில் அச்சடித்து விற்பது என் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தூக்கில் போட்டார்களே, அந்த மனிதனைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்கிறீர்கள். பெரின் வந்து சொல்லியிருப்பாள் என்று சந்தேகப்படுகிறேன். பெரின் என் மனைவி. நீங்கள் ஆமாம் என்று சொல்ல வேண்டாம். உங்கள் எழுத்தர் இப்போது தலையைக் குனிந்துகொண்டார், அது போதும்.

முதலிலிருந்தே சொல்கிறேன். பதினான்கு வருஷத்துக்கு முன்பு, ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, ஒனோரே த வோக்லேர் பிரபு என் பட்டறைக்கு வந்தார். இருபத்தாறு வயது. துருக்கியரோடு சண்டை போட ஹங்கேரிக்குப் புறப்படுகிற படையில் சேர்ந்திருந்தார். மறுநாள் விடியலில் பயணம். அதற்கு ஆறு வாரம் முன்னால் சீட்டாட்டத்தில் வந்த தகராறில் ஒருவன் அவருடைய இடது கன்னத்தை வாளால் கிழித்திருந்தான். கண் ஓரத்தில் ஆரம்பித்து வாய் ஓரம் வரைக்கும் தழும்பு. இன்னும் சிவப்பு மாறவில்லை. லேசாக மறைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"மறைக்கறதா? இது இருக்குன்னுதானய்யா படமே போட்டுக்க வந்திருக்கேன்," என்றார். "பொறந்த ஊர்ல இன்னும் ஒருத்தனும் இதைப் பார்க்கலை. என் தம்பி கஸ்பார் மட்டும்தான் பார்த்தான். படமாவது முதல்ல போய்ச் சேரட்டும்."

எங்கள் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. தகட்டில் எதை இடப்பக்கம் வெட்டுகிறோமோ அது காகிதத்தில் வலப்பக்கம் விழும். அதனால் ஆளை முதலில் காகிதத்தில் வரைந்து, கோடு பின்பக்கமும் தெரிய எண்ணெய் தடவி, அந்தக் காகிதத்தைக் குப்புறத் திருப்பித் தகட்டின் மேல் வைத்துக் கோடு எடுப்போம். அப்படிச் செய்தால் அச்சில் எல்லாம் அதனதன் பக்கத்துக்கு வந்துவிடும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

அன்றைக்கு நான் காகிதத்தை எடுக்கவில்லை. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. எதிர்ச் சாரியில் ஹென்ட்ரிக் என்று ஒரு ஃபிளாண்டர்ஸ்காரன் கடை வைத்திருந்தான். அவன் ஒரு முகத்துக்கு நாலு படம் வரைந்து பார்க்காமல் உளியைத் தொடமாட்டான். தர்திவேல் ஆளை எதிரில் உட்கார வைத்து நேராகச் செம்பிலேயே வெட்டுகிறான் என்று தெரு பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு காலைப்பொழுதுதான் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் ஆசைதான் முதல் காரணம், அதை ஒளிக்கப் போவதில்லை. மணல் மூட்டை மேல் தகட்டை வைத்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கிண்ணம் செர்ரிப் பழத்தைத் தின்றுகொண்டே இருந்தார்.

"காகிதம் எங்க மேஸ்திரி?" என்று கேட்டார்.

"காகிதமெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு பிரபு. தாடையை மட்டும் அசைக்காதீங்க."

"அப்ப பழத்தை எப்படித் தின்றது?"

"முழுங்கிடுங்க."

கொட்டையோடு ஒன்றை முழுங்கிவிட்டுச் சிரித்தார். நான் வெட்டிய முகங்களிலேயே நல்ல முகம் அது. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். நெற்றியில் கோடுகள் மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லாமல் போகிற இடத்தை வேறு எவனாலும் செய்ய முடியவில்லை. நடுப்பகலில் அவர் எழுந்து போனார். படத்துக்கென்று கொண்டுவந்த உடுப்பையும் வாளையும் என்னிடமே விட்டுவிட்டுப் போயிருந்தார். அவற்றை ஒரு மரச் சட்டத்தில் மாட்டி, சாவகாசமாக இரண்டு வாரத்தில், முறைப்படி காகிதத்தில் வரைந்து, குப்புறத் திருப்பி வெட்டினேன். வாள் இடது இடுப்பில், எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வந்தது. முகம் நேரே பார்க்கிற முகம் என்பதால் உடம்போடு சரியாகவே பொருந்தியது.

எங்கள் பட்டறையில் உருளை அச்சை ஓட்டுவது பெரின்தான். முதல் தாளை உரித்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தத் தழும்பு இந்தப் பக்கமா இருந்துச்சு?"

தாளை வாங்கிப் பார்த்தேன். வலக்கன்னத்தில் இருந்தது.

"நீ கதவைத் தொறந்துவிட்டவ. நான் அரை நாள் எதிர்ல உக்காந்தவன்," என்றேன்.

அவள் தாளைக் கொடியில் போட்டாள். அன்று சாப்பிடும்போது தன் இடது கன்னத்தை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தத் தகட்டை ஏன் அழிக்கவில்லை என்று கேட்பீர்கள். அந்த முகத்தை இன்னொரு முறை வெட்ட என்னால் முடியாது ஐயா. அதுவுமில்லாமல், இலையுதிர் காலத்தில் வோக்லேர் பிரபு ஹங்கேரியில் இறந்துபோனார் என்று செய்தி வந்துவிட்டது. வீரன் என்று ஆளாளுக்குப் படம் வாங்கினார்கள். தொழில் கற்கிறவர்கள் அந்த நெற்றியைப் பார்த்துப் பழகினார்கள். வோக்லேரை வெட்டின தர்திவேல் என்றுதான் என்னை அரண்மனையில்கூடச் சொன்னார்கள். செத்தவரின் தழும்பு எந்தப் பக்கம் இருந்தால் யாருக்கு என்ன என்று இருந்துவிட்டேன். பதினோரு வருஷம் யாருக்கும் ஒன்றுமில்லைதான்.

பிறகு ஒரு வசந்த காலத்தில் கஸ்பார் பிரபு என் பட்டறைக்கு வந்தார். அண்ணன் இறந்த பிறகு வோக்லேர் மாளிகையும் நிலமும் அவரிடம்தான் இருந்தன.

"மேஸ்திரி, ஒருத்தன் வந்திருக்கான். துருக்கிக்காரன் கப்பல்ல துடுப்பு தள்ளின பய. நான்தான் ஒனோரேங்கறான். சொத்தை விடுங்கறான்."

"கடவுளே."

"இரும். உம்ம படத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். படத்துல தழும்பு வலது, அவனுக்கு இடது. அதுக்கு என்ன சொல்றான் தெரியுமா? படம்தான் தப்பாம். தர்திவேல் அவசரத்துல கோட்டை விட்டுட்டானாம். எதிர்க்கடைக்காரன்கூட 'இருக்கும் இருக்கும்'னு சிரிச்சானாமே."

அந்தக் கடைசிப் பேச்சை அவரே சேர்த்துக்கொண்டார் என்று அப்போதே எனக்குச் சந்தேகம். தழும்பு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாமலும் இல்லை. அண்ணனுக்கு அடிபட்ட அன்று துணி கட்டியவரே அவர்தான். ஆனால் அவர் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை, நானும் எதுவும் கேட்கவில்லை. அதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். கைநீட்டி வாங்குகிறவன் நான் இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்த மனிதனே வந்தான். அப்போது அது வெறும் சொத்து வழக்குதான். யாரும் அவனைப் பிடித்து அடைத்திருக்கவில்லை. முன்பல் நாலும் இல்லை. மணிக்கட்டில் விலங்கு தேய்த்த தடம். முதுகு ஒரு பக்கம் சாய்ந்து போயிருந்தது. ஊரில் பாதிப் பேர் அவர்தான் என்றார்களாம், பாதிப் பேர் இல்லவே இல்லை என்றார்களாம். நான் பாதிக்குப் பாதியில் நின்று பார்த்தேன். ஏமாற்றுக்காரன் என்று நினைத்துக்கொண்டுதான் உட்காரச் சொன்னேன்.

"தாடையை அசைக்கலாமா மேஸ்திரி, இப்பவாவது?" என்றான்.

நான் உளியைத் துடைத்து மேசையில் வைத்தேன்.

"கொட்டையோட முழுங்கினேனே. மூணு நாள் வயித்து வலி. ஹங்கேரிக்கு அதோடதான் போனேன்."

இதை ஒரு வேலைக்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குப் பட்டறையில் வேலைக்காரன் யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று யாராவது கேட்டிருக்கலாம் என்று அடுத்ததாகச் சொல்லிக்கொண்டேன். சந்தேகப்படுவதற்கு எனக்கு எப்போதும் இடம் கிடைத்துவிடும். பெரின் உள்ளேயிருந்து வெங்காய சூப்பு கொண்டுவந்து வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், முழங்காலை மடக்கிப் பிரபுக்களுக்குச் செய்கிற வணக்கத்தைச் செய்தாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான். பதினோரு வருஷத்தில் முதல் வணக்கம் என்றான்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மேஸ்திரி," என்றான். "அன்னிக்குக் காகிதமே இல்லை. நேரா செம்புல வெட்டினீங்க. அதனாலதான் பக்கம் மாறிப்போச்சுன்னு என் வழக்கறிஞர் சொல்றார். எனக்கு உங்க தொழில் தெரியாது. நீங்க வந்து சொல்லணும். இல்லாட்டி என்னை ஆள்மாறாட்டக்காரன்னு தூக்குல போட்டுடுவாங்க."

"உங்க முகத்தை ஒரு தடவை வரைஞ்சுக்கறேன்," என்றேன். "நீதிபதிகளுக்கு வார்த்தையைவிடப் படம் புரியும்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய இடத்திலேயே, அதே ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். இந்தத் தடவை நான் காகிதம் எடுத்தேன். மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தான். துடுப்புப் பலகையில் உட்கார்ந்து பழகியவனுக்கு இது ஒரு பொருட்டில்லை என்று சொன்னான். போகும்போது என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான். ஒரு பிரபு அப்படிச் செய்வாரா என்று யோசித்தேன்.

அவன் தெருமுனை திரும்புகிறவரை பெரின் வாசலில் நின்றாள்.

"அவர்தாங்க."

"எப்படிச் சொல்றே?"

"எனக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியலைன்னா சொல்றீங்க?"

அவளுக்குக் கொஞ்ச நாளாக இருமல். மறுநாளே எதாம்ப் ஊரில் இருக்கிற அவள் அக்கா வீட்டுக்கு வண்டி பேசி ஏற்றிவிட்டேன். அங்கே காற்று நன்றாக இருக்கும். விசாரணை முடிகிறவரை இருக்கட்டும், நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று அக்காவுக்கு எழுதினேன்.

விசாரணை நாளில் கூடம் நிரம்பி வழிந்தது. தலைமை நீதிபதிக்கு ஜலதோஷம். அந்த மனிதனின் வழக்கறிஞர் பெரொதோ என்று ஒரு இளைஞர், கெட்டிக்காரர். எழுந்ததும் பையிலிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தார். என் படத்தை அதன் எதிரில் பிடித்தார்.

"ஐயா, அச்சுல எல்லாம் இடவலமா மாறும். இந்தத் தெருவுல யாரை வேணா கேளுங்க. இப்ப கண்ணாடியில பாருங்க. தழும்பு எந்தக் கன்னத்துல இருக்கு? இதோ நிக்கிறாரே, இவரோட கன்னத்துல எங்க இருக்கு?"

கூட்டம் எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. கண்ணாடிக்குள் இருந்த முகமும் கூண்டில் நின்ற முகமும் ஒன்றாகவே இருந்தன. இதை அவருக்கு ஹென்ட்ரிக்தான் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தலைமை நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கண்ணாடியை அப்படியே பிடிங்க வழக்கறிஞரே. வாள் எந்த இடுப்புல தொங்குது?"

பெரொதோ குனிந்து பார்த்தார். கண்ணாடியில் வாள் வலது இடுப்புக்குப் போயிருந்தது.

"உங்க ஆளு இடக்கையால வாள் எடுக்கறவரோ?"

கூடமே சிரித்தது. பெரொதோ அவனைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இல்லை ஐயா, வலக்கைதான்," என்றான் அவன்.

பெரொதோ விடவில்லை. முகத்தை ஒரு விதமாகவும் உடுப்பை ஒரு விதமாகவும் வெட்டியிருக்கலாமே, செதுக்கியவரையே கேட்போம் என்றார். படத்தின் அடியில் 'உயிருள்ள முகத்தைப் பார்த்து வெட்டியது' என்று லத்தீனில் நானே வெட்டியிருப்பதையும் காட்டினார். அதை எல்லாரும்தான் வெட்டுவார்கள், வழக்கம் என்றேன். என்னைப் பிரமாணம் எடுக்க வைத்தார்கள். அந்த மனிதன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான், பயப்படாதே என்று சொல்கிற மாதிரி.

"தர்திவேல், முகத்துக்கு முன்வரைவு உண்டா இல்லையா?"

"மேஸ்திரி, சொல்லுங்க," என்றான் அவன். "அன்னிக்குக் காகிதமே இல்லையே."

"முன்வரைவு இல்லாம யாரும் உளியைத் தொடமாட்டாங்க ஐயா," என்றேன். உறையைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

கரிக்கோலில் வரைந்த ஒரு முகம். இருபத்தாறு வயது, பல் வரிசை நிறைந்த வாய், உப்பிய கன்னம். வலக்கன்னத்தில் புதுத் தழும்பு. ஓரத்தில் பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி. நீதிபதிகள் கைமாற்றிப் பார்த்தார்கள். காகிதம் அந்த வருஷத்துக் காகிதம்தான். என்னிடம் பழைய கட்டு ஒன்று மிச்சம் இருந்தது. பழுப்பேறட்டும் என்று வால்நட் தோலை ஊறவைத்த தண்ணீரைத் தடவி நிழலில் காயவைத்திருந்தேன்.

நீங்கள் இப்போது நினைப்பது சரிதான். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தில் வரைந்தது அது. விழுந்த பல்லை வைத்தேன், ஒட்டிய கன்னத்தை நிரப்பினேன், தழும்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினேன். மனதிலிருந்து வரைந்தால் பொய் தெரிந்துவிடும். உயிருள்ள எலும்பு எதிரில் இருந்தால்தான் கோடு நிற்கும். அதற்காகத்தான் அவனை உட்கார வைத்தேன்.

படத்தைக் கடைசியில் அவனிடம் காட்டினார்கள். வெகுநேரம் பார்த்தான்.

"இது போன வாரம் போட்டது," என்றான்.

மறுபடியும் சிரிப்பு. போன வாரம் இவனுக்கு எத்தனை பல் இருந்தது என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. என்னிடம்தான் பேசினான்.

"இன்னமும் என்னை இவ்வளவு சின்னவனா உங்களால பார்க்க முடியுதா மேஸ்திரி?"

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கஸ்பார் பிரபு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீர்ப்பு சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. பிரபுவின் பெயரைத் திருடிய குற்றத்துக்குத் தூக்கு. பிரபு என்றால் தலையை வாளால் வெட்டுவார்கள், மற்றவர்களுக்குத்தான் கயிறு. தனக்கு வாள் வேண்டும் என்று அவன் கடைசியாக ஒரு விண்ணப்பம் போட்டான். உயிரைக் கேட்கவில்லை. வாளை மட்டும் கேட்டான். கயிறுதான் என்று பதில் வந்தது.

நான் சதுக்கத்துக்குப் போயிருந்தேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று பெரின் பின்னால் சொன்னாள். எனக்கென்னவோ போக வேண்டும் என்று தோன்றியது. கயிறு முறுக்கி அவிழும்போது இரண்டு கன்னமும் மாறி மாறித் தெரிந்தன. தழும்பு இடப்பக்கம்தான் இருந்தது. சரிபார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எதாம்பிலிருந்து திரும்பி வந்த பிறகு பெரின் அந்தத் தகட்டுக்கு மை தடவ மறுத்துவிட்டாள். வேறு எந்தத் தகடு கொடுத்தாலும் செய்வாள், அதை மட்டும் தொடமாட்டாள். ஒரு பேச்சும் இல்லை. மூன்று வருஷமாக என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் உங்களிடம் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். கூண்டில் நின்றது ஒனோரே த வோக்லேர் பிரபுதான். பழக்கொட்டையைப் பற்றி அவர் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பட்ட சந்தேகமெல்லாம் நானாகத் தேடிப் பிடித்துக்கொண்டது. பொய்ச் சத்தியம் செய்தேன், பொய்ப் படம் வரைந்தேன், ஒரு மனிதரை எதிரில் உட்கார வைத்து அவர் முகத்தைக் கொண்டே அவரைக் கொன்றேன். இவ்வளவுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். தண்டனையைப் பற்றி எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

ஒன்றே ஒன்று. உங்கள் எழுத்தர் அங்கே, மூன்றாவது வரியில், 'தகட்டில் தான் செய்த பிழையை மறைப்பதற்காக' என்று எழுதியிருக்கிறார். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க வரும், தொழில் அப்படி. அந்தப் 'பிழை' என்கிற சொல்லை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். ஆளை அனுப்பி என் பட்டறையிலிருந்து தகட்டை எடுத்துவரச் செய்து நீங்களே பாருங்கள் ஐயா. செம்பில் தழும்பு அவருடைய இடக்கன்னத்தில்தான் இருக்கிறது. நான் சரியாகத்தான் வெட்டியிருக்கிறேன், மாறிப்போனது காகிதம்தான்.